நாற்பத்தோராம் சுவரில் ஒரு வட்டம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது இல்லை. என் அக்கா மகள் நடத்திய ஒரு சோதனையில் நான் அசடு வழிந்ததிலிருந்து பிறந்தது.

மனிதர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராய்வது அவள் படிப்பு. ஒரு நாள் வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை என்று மாமாவைக் கூப்பிட்டாள். சின்ன அறை, ஒரு திரை, ஒரு நாற்காலி. திரையில் ஒரு புகைப்படம் கால் நொடி வரும். பிறகு வெறும் சாம்பல் நிறம். பிறகு அதே புகைப்படம், ஆனால் அதில் ஒரே ஒரு பொருள் மாறியிருக்கும். மறுபடி சாம்பல், மறுபடி பழைய படம். இப்படியே மாறி மாறி ஓடும்.

"மாமா, ஏதோ மாறுதுன்னு தோணினா இடது பட்டன். என்ன மாறுதுன்னு கண்ணால பாத்துட்டா வலது பட்டன். அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம்."

ஒரு படத்தில் ஒரு பேருந்து நின்றது. நான்காவது நொடியில் இடது பட்டனை அழுத்திவிட்டேன். வலது பட்டனை அழுத்த இருபத்தைந்தாவது நொடி ஆனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி, அந்தப் பேருந்தின் பின்சக்கரத்தையே என் கண்ணெதிரே எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் டிரைவரின் மீசையை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"நடுவுல இருபத்தோரு நொடி நான் எதைப் பாத்தேன்?"

"அதுல பெரிய சண்டையே இருக்கு மாமா. கண்ணு பாக்கறதுக்கு முன்னாடியே மனசுக்குத் தெரிஞ்சுடுதுன்னு சிலர் சொல்றாங்க. அதெல்லாம் ஒண்ணும் இல்ல, உங்களை மாதிரி அவசரக்குடுக்கைங்க முதல்லயே அழுத்திடறாங்கன்னு சிலர் சொல்றாங்க."

"நீ என்ன சொல்ற?"

"நான் இன்னும் பட்டமே வாங்கல. நான் எதுக்கு வாயக் குடுத்து மாட்டிக்கணும்?"

அந்த இருபத்தோரு நொடியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அதற்குள் யாரையாவது குடிவைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஏதோ மாறிவிட்டது என்று தெரியும், என்னவென்று தெரியாது, ஆனால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். அப்படி ஒரு ஆள் என்ன செய்வார்?

2

முதல் தொடக்கம் இது: "அவள் ஜன்னலருகே நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குள் ஏதோ—"

[அடித்துவிட்டேன். கதைகளில் ஜன்னலருகே நிற்கிறவர்களுக்கு வேலைவெட்டியே கிடையாதா?]

இரண்டாவது: "கணவன் வீட்டுக்குள் நுழைந்ததுமே அவனிடம் ஏதோ மாறியிருப்பது அவளுக்குத்—"

[இதை என் வீட்டுக்காரி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "என்ன, சொந்த அனுபவமா?" என்றாள். கிழித்துப் போட்டேன்.]

மூன்றாவது முறை முதல் வேலையாக அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் கதை நகர்ந்தது.

அவள் சுவர் பார்க்கிறவள். நகரத்தின் மேட்டுப் பகுதிகளில் மண் சரியாமல் தாங்கி நிற்கும் கான்கிரீட் தடுப்புச் சுவர்கள் அறுபது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரும்புக் கம்பத்தில் ஒரு கேமரா. மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், ஒரே நேரத்தில் ஒரு படம். அலுவலகத் திரையில் போன மாதப் படத்தின் மேலேயே இந்த மாதப் படமும் வந்து உட்காரும். விசையை ஒருமுறை தட்டினால் அது, இன்னொருமுறை தட்டினால் இது. புதிதாக விரிசலோ வீக்கமோ கசிவோ தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு வட்டம் போடுவாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. அலுவலகத்தில் அவளுக்கு 'வட்டம் மேடம்' என்றே பெயர். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று வாசல் காவலர் கையை விரித்துவிடுவார்.

அவள் மேசையில் ஒரு பச்சைக் கோப்பை இருக்கும். அதில் எந்நேரமும் பாதி டீ ஆறிக் கிடக்கும். டீ குடிக்க மறந்துபோகிற அளவுக்கு வேலையில் கவனம் என்று அவள் சொல்லிக்கொள்வாள். டீயை வீணடிக்கிறாள் என்று கேன்டீன்காரர் சொல்வார்.

வட்டம் விழுந்த சுவருக்கு ஏணி வண்டியோடு போய், சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பவர் அவள் கணவர். உள்ளே கெட்டியாக இருந்தால் 'கிண்' என்னும். உள்ளே விட்டுப்போயிருந்தால் 'பொத்' என்னும். 'கிண்' என்றால் படிவத்தில் 'நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவருக்குச் 'சுத்தியல்' என்று பெயர். வட்டமும் சுத்தியலும் காதலித்துத்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். எப்படிக் காதலித்தார்கள் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். எனக்குத் தெரியவும் தெரியாது.

3

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நாற்பத்தோராம் சுவர் திரைக்கு வந்தது. முப்பது மீட்டர் நீளம், நான்கு ஆள் உயரம். அடியில் நடைபாதை, ஒரு பேருந்து நிறுத்தம், பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம்.

[பள்ளிக்கூடம் வேண்டுமா? குழந்தைகளைக் காட்டிப் பயமுறுத்துவது மலிவான வேலை. எடுத்துவிட்டேன். பேருந்துக்கு நிற்கிறவர்கள் போதும். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே.]

அவள் எப்போதுமே ஒரு இடத்தை உற்றுப் பார்ப்பதில்லை. படத்தின் நடுவில் கண்ணைச் சும்மா வைத்துவிட்டு விரலை ஓடவிடுவாள். போன மாதம், இந்த மாதம், போன மாதம், இந்த மாதம். ஆறாவது தட்டில் அவள் பிடரியில் ஏதோ—

[மறுபடியும் 'ஏதோ'. இதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லை. இதே சொல்லில் நான் இருபத்தோரு நொடி உட்கார்ந்திருந்தேன், அவளும் கொஞ்சம் உட்காரட்டும்.]

சுவர் மாறியிருந்தது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எங்கே என்றுதான் தெரியவில்லை. கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்த்தாள், பெரிதாக்கிப் பார்த்தாள். பழைய விரிசல்கள் பழைய இடத்தில் பழைய நீளத்தில் கிடந்தன. விட்டுவிட்டு வேறு சுவரைப் பார்த்து, திரும்பி வந்து மறுபடி தட்டினாள். ஆறாவது தட்டில் மறுபடியும் அதே.

"என்ன மேடம், காலையிலேருந்து சுவரோட மல்லுக்கட்டறீங்க?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"மாறியிருக்குங்க."

"எங்கே?"

"அதான் தெரியல."

அவர் எட்டி வந்து நாலு தட்டு தட்டிப் பார்த்தார். "எங்கேன்னு தெரியலைன்னா மாறலைன்னு அர்த்தம். கண் டாக்டரைப் பாத்து எவ்வளவு நாளாச்சு?"

அவள் கணினி ஒப்புக்கொள்வது இரண்டே பதில். 'மாற்றம் இல்லை' என்று அழுத்தலாம், அல்லது வட்டம் போடலாம். வட்டம் ஒரு மீட்டருக்கு மேல் விரியாது. முன்பு யாரோ சில சோம்பேறிகள் முழுச் சுவரையும் வட்டமிட்டுத் தள்ளிவிட்டுக் கேரம் ஆடப் போனதால் வந்த விதி. 'மாறியிருக்கிறது, இடம் தெரியவில்லை' என்று சொல்ல அதில் வழியே கிடையாது.

மூன்று மணிக்கு அவள் ஒன்று செய்தாள். சுவரின் இடது கீழ் மூலையில், எட்டு வருஷமாக அங்கேயே இருக்கும் ஒரு பெயின்ட் கறையைச் சுற்றி வட்டம் போட்டாள். அது பொய் வட்டம் என்று அவளுக்குத் தெரியும். பொய் வட்டம் போட்டது தெரிந்தால் வேலை போய்விடும் என்பதும் தெரியும். ஆனால் வட்டம் விழுந்தால் அன்றைக்கே சுவருக்கு அடியில் கயிறு கட்டி நடைபாதையை மூடுவார்கள். அவள் வீட்டுக்காரர் நேரில் போவார். போகிறவர் சுவரைப் பார்ப்பார். பார்த்தால் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

4

வெள்ளிக்கிழமை மத்தியானம் நீலக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கேன்டீனுக்கு இறங்கினாள். வெள்ளிக்கிழமைகளில் சுத்தியல் படிவங்களைக் கொடுக்க அலுவலகம் வருவார், இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அன்றைக்கு அவர் நல்ல பசியில் இருந்தார்.

"நாப்பத்தொண்ணு என்னங்க ஆச்சு?"

"இன்னைக்குக் காலைலதான் போனேன். நலம்னு எழுதிக் குடுத்துட்டேன். கிண்ணுன்னு மணி மாதிரி இருக்கு. நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கயித்தை அவுத்துடுவாங்க."

"சுவர் முழுக்கத் தட்டினீங்களா?"

"முழுக்க எதுக்கு? நீ போட்ட வட்டத்துல தட்டினேன்."

"வேற எங்கயும் பாக்கலையா?"

"ஏம்மா, முழுச் சுவரையும் தட்டணும்னா ரெண்டு நாள் ஆகும். எங்கேன்னு சொல்றது உன் வேலை, தட்டறது என் வேலை. இருபத்திரண்டு வருஷமா அப்படித்தானே ஓடிட்டிருக்கு?"

அவள் ஒரு நாளும் சுவரடிக்குப் போனவள் இல்லை. அவர் ஒரு நாளும் திரை முன்னால் உட்கார்ந்தவர் இல்லை. நேரில் போகிறவர் முழுச் சுவரையும் பார்ப்பார் என்று இவள் நம்பினாள். வட்டம் போட்டவள் பார்த்துத்தானே போட்டிருப்பாள் என்று அவர் நம்பினார். இந்த நம்பிக்கையில் நாற்பத்தோராம் சுவரை யாருமே பார்க்கவில்லை.

தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"அந்த வட்டம் பொய்ங்க."

அவர் முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: ஆறாவது தட்டு, கறை, கயிறு. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் அப்படிக் கேட்டால் கோபம் என்று அர்த்தம்.

"அதுல என் கையெழுத்து இருக்கு," என்றார்.

"தெரியும்ங்க."

"இத்தனை வருஷமும் நீ வட்டம் போட்ட இடத்துலதான் ஏணியைச் சாத்தியிருக்கேன். ஒரு நாள்கூட ஏன்னு கேட்டதில்ல."

"இது ஒண்ணுதாங்க. சத்தியமா இது ஒண்ணுதான்."

"அதை நான் இப்ப எப்படி நம்பறது?"

சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனார். அவருடைய டப்பாவை அவள்தான் மூடினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தன்னை நம்பாமல் எழுந்து போனது அதுதான் முதல் தடவை. வேலை போய்விடுமே என்ற பயத்தைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

5

இங்கே கதையை நிறுத்தி ஒரு குட்டை உடைக்க வேண்டும்.

இரண்டாம் பகுதியில் அவள் கோப்பை பச்சை. நான்காம் பகுதியில் நீலம். வேண்டுமென்றேதான் மாற்றினேன். கண்டுபிடித்திருந்தால் சபாஷ். கண்டுபிடிக்காமல், ஆனால் நீலக் கோப்பையைத் தாண்டும்போது ஒரு கணம் எதுவோ உறுத்தியிருந்தால், நான் தேடிக்கொண்டிருப்பது உங்களைத்தான்.

என் வீட்டுக்காரியிடம் முதல் நான்கு பகுதிகளையும் கொடுத்தேன். படித்து முடித்து, "எங்கயோ இடிக்குது" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்கே? எங்கே இடிக்குது?"

"அந்தப் பக்கத்து மேசைக்காரர் வர்ற இடம்."

அங்கே நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

அக்கா மகளுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அத்தை சொன்னதையும் சேத்துக்கணும் மாமா. மாறாத இடத்துல மாறிடுச்சுன்னு சொல்றவங்களையும் எண்ணினாத்தான் கணக்கு நேர்மையா வரும்."

அப்போதுதான் வட்டம் மேடம் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஆறாவது தட்டில் அவளுக்குத் தோன்றியது என்ன? கண் பிடித்ததை மூளை இன்னும் அவளிடம் சொல்லவில்லையா? அல்லது நாற்பத்தெட்டு வயதுக் கண்ணும் முதுகுவலியும் சேர்ந்து செய்த வேலையா? இதற்கு முன்பும் அவளுக்கு இப்படித் தோன்றியதுண்டு. பெரும்பாலும் ஒரு நிமிஷத்தில் இடம் கிடைத்துவிடும், வட்டம் போட்டுவிடுவாள். கிடைக்காத நாட்களில் 'மாற்றம் இல்லை' என்று அழுத்திவிட்டு மறந்துவிடுவாள். அப்படி எத்தனை நாட்கள் என்று அவள் எண்ணி வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவளை எனக்குப் பிடித்துப்போய்விட்டது, அதனால்தான் நம்புகிறேனோ என்னவோ.

முடிவுகளுக்கு வருவோம். இரண்டு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவள் வாயை மூடிக்கொள்கிறாள், சனிக்கிழமை காலை சுவர் சரிகிறது. விறுவிறுப்பாகத்தான் வந்தது. எழுதி முடித்துவிட்டுப் படித்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஒரு பெண் சொன்னது நிஜம் என்று காட்ட, பேருந்துக்கு நின்ற ஒன்பது பேரை நான் கொன்றிருந்தேன்.

இரண்டாவது முடிவில் அவள் உண்மையைச் சொல்லி வேலையை இழக்கிறாள். சுவர் முப்பது வருஷம் அசையாமல் நிற்கிறது. அவள் வயதான காலத்தில் அதே நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்று சுவரை அண்ணாந்து பார்க்கிறாள். "இதுதான் மாமா நடக்க வாய்ப்பு அதிகம்," என்றாள் அக்கா மகள். இருக்கலாம். ஆனால் அதை எழுதினால் 'வேலையத்த வேலை' என்று ஒரே வார்த்தையில் அவளைத் தள்ளிவிடுவீர்கள். எனக்கு மனசு வரவில்லை.

6

நாலு மணிக்கு அவள் அதிகாரியின் அறைக் கதவைத் தட்டினாள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. கெட்டவராக எழுதியிருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும். அவளை உட்காரச் சொன்னார், கடைசி வரை கேட்டார், கேட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"எந்த இடம்னு சொல்லுங்க மேடம். கயித்தை அவுக்க வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன்."

"இடம் தெரியாது சார்."

"அப்ப நான் படிவத்துல என்ன எழுதறது?"

அவர் மேசை மேல் இருந்த ஒரு குண்டூசியை எடுத்துத் திரும்ப வைத்தார்.

"சரி, ஒண்ணு பண்ணுங்க. நீங்க எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல. போய் வேற எங்கயாவது இன்னொரு வட்டம் போட்டு அனுப்புங்க. நான் மூடி வெச்சுக்கறேன். உங்க வேலைக்கும் ஆபத்து இல்ல, கீழ நிக்கறவங்களுக்கும் ஆபத்து இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் உங்க வீட்டுக்காரர் போய்த் தட்டுவார்."

"அந்த வட்டத்துக்குள்ள மட்டும்."

"அது எனக்கும் தெரியுது மேடம். இன்னும் நாலு நாள் கிடைக்கும்ல?"

[இந்த இடத்தில் என் வீட்டுக்காரி பொறுமை இழந்தாள். "முழுச் சுவரையும் சுத்தி ஒரே வட்டமாப் போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?" நான் ஒரு மீட்டர் விதியை நினைவுபடுத்தினேன். "விதியை வெச்சது யாரு? நீங்கதானே?" வாஸ்தவம். மூன்றாம் பகுதிக்குப் போய் 'ஒரு' என்பதை 'முப்பது' என்று மாற்றினால் தீர்ந்தது. உங்களில் பாதிப் பேர் கவனிக்கவும் மாட்டீர்கள், கோப்பை விஷயத்தில்தான் பார்த்தோமே. கை துறுதுறுத்தது. ஒரு நல்ல காரியத்துக்காகச் சின்னதாக ஒரு பொய். அவளும் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டாள். மாற்றவில்லை.]

அதிகாரி சொன்னது அவளுக்கும் சபலமாகத்தான் இருந்தது. நாலு நாள் என்பது நாலு நாள். ஆனால் அந்த நாலாவது நாள் தன் வீட்டுக்காரர் மறுபடி ஏணியைச் சாத்தி, எதுவும் இல்லாத இடத்தில் சுத்தியலை வைத்துக் காது கொடுத்துக் கேட்பதை நினைத்தாள். அதை அவளால் தாங்க முடியவில்லை.

"ஒரு வெள்ளைத் தாள் குடுங்க சார்."

எழுதினாள். 'செவ்வாய்க்கிழமை நான் போட்ட வட்டம் பொய். அந்த இடத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் சுவர் மாறியிருக்கிறது. எந்த இடம் என்று எனக்குத் தெரியாது.' கீழே, சம்பளச் சீட்டில் இருக்கும் முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி தாளைத் தொடவில்லை. "இதை நான் கையில வாங்கினா உங்க வேலை போயிடும். சரி, வாங்கறேன்னே வெச்சுக்குங்க. இடம் இல்லாம மூடறதுக்கு விதி கிடையாது. மூடினா என் சொந்தப் பொறுப்புல மூடணும். நாளைக்கு ஒண்ணும் இல்லைன்னா என்னையும் சேத்து வீட்டுக்கு அனுப்புவாங்க."

"தெரியும் சார்."

"நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள்.

அப்போது கதவு திறந்தது. சுத்தியல் உள்ளே வந்தார், பூட்ஸில் சிமென்ட் தூளோடு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவள் பக்கம் திரும்பாமல் மேசை மேல் கிடந்த தாளைக் குனிந்து படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். கிழித்துப் போட்டுவிடுவார் என்று அவள் நினைத்தாள்.

"பேனா," என்று கையை நீட்டினார்.

அவள் எழுத்துக்குக் கீழே, தன் கோணல் எழுத்தில் எழுதினார். 'நான் வட்டத்துக்குள் மட்டும் தட்டினேன். சுவரைப் பார்க்கவில்லை. நலம் என்று எழுதியது தப்பு.' கையெழுத்துப் போட்டார்.

"எனக்கு இன்னும் கோபம் தீரல," என்றார் அவளிடம்.

"தெரியும்ங்க."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதிகாரி அதைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

7

அடுத்து அதிகாரி என்ன செய்தார் என்று எழுத வேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்தேன். அவரைத் தைரியசாலியாக்கினால் கதை என்னைத் தட்டிக்கொடுக்கிறது. கோழையாக்கினால் உங்களைத் தட்டிக்கொடுக்கிறது, 'நானாக இருந்தால் மூடியிருப்பேன்' என்று. இரண்டும் வேண்டாம். அவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மணி ஐந்தாகப் போகிறது, அவருக்கும் குடும்பம் குட்டி இருக்கிறது.

நாற்காலி காலி. நீங்கள் உட்காருங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். ஒருமுறை பொய் சொன்ன ஒரு பெண், அதைத் தானாகவே வந்து ஒப்புக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அடையாளம் காட்ட ஒரு இடமும் இல்லை. அவள் சொல்வதற்கு அறிவியலும் இன்னும் முழுசாக ஆமாம் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சுவர் நிஜமாகவே மாறியிருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். தெரிந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றால் அதற்கு நீங்கள் தேவையில்லை, அந்தக் கணினியே போதும்.

காலை ஆறு மணிக்குக் கயிறு அவிழ்க்க ஆள் வருவார். முதல் பேருந்து ஆறு பத்துக்கு. தாளில் இரண்டு கையெழுத்துகளுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது. வட்டமும் சுத்தியலும் இன்னும் போகவில்லை. இருவரும் உங்கள் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.